இரும்பு அளவு, மர அளவு

முதல் நாள் அளவுகோலை நிமிர்த்தி வைத்து, ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வரக் காத்திருந்தபோதே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பன் வண்டி ஓட்டுதான், மவ குதிரைய அளக்கா. நல்லா இருக்குவே ஒங்க கமிட்டி!"

கூட்டம் சிரித்தது. சொன்னவர் கொம்பையா அண்ணாச்சி. குதிரை வண்டிப் பந்தயங்களில் அப்பாவுக்குப் பல வருடப் போட்டியாளர். அவர் விடவில்லை.

"ஏ புள்ள, ஒங்க அப்பா குதிரை வரும்போது மட்டும் அந்தக் குமிழு தூங்கிராதே?"

அவர் குதிரையின் உயரத்தை உரக்கச் சொல்லி, பதிவேட்டில் எழுதினேன். காது சுட்டது.

சிவில் டிப்ளமோ முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பந்தயங்களில் மூங்கில் கம்பை வைத்துக் குதிரையை அளப்பார்கள். தரை சரிந்திருக்கும், கம்பு சாய்ந்திருக்கும், பந்தயத்தைவிடச் சண்டை அதிக நேரம் நடக்கும். விழாக் கமிட்டித் தலைவர் கேட்டதால் இரும்புக் குழாயில் ஓர் அளவுகோல் செய்து கொடுத்தேன். மேலும் கீழும் நகரும் ஓர் இரும்புக் கை, அதன்மேல் ரசமட்டம். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அந்தக் கை படிய வேண்டும். நாற்பத்தெட்டு இஞ்சுக்குள் இருந்தால் சின்னக் குதிரை, ஒரு நூல் கூடினாலும் பெரிய குதிரை. எங்கள் பக்கத்தில் நடுப்பிரிவு கிடையாது.

ஆறு வருடம் அந்த வேலையைச் செய்தேன். இப்போது வெளியூரில் வேலை கிடைத்து அளவுகோலை அடுத்தவர்களிடம் ஒப்படைக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு. இரண்டாம் வருடத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மற்ற வருடங்களில் படித்தது எல்லாம் இதில் அடங்கிவிடும்.

1. வண்டி தெரியாத குதிரை

சீவலப்பேரியில் எங்கள் வீட்டில் நான்கு பேர். நான்கு பேருக்கும் குதிரையில் வேலை உண்டு. அப்பா சாரதி. அண்ணன் முருகன் பின்சாரதி. வண்டியின் பின்னால் உட்கார்ந்து, திருப்பத்தில் குதித்து ஓடிச் சத்தம் கொடுப்பவன். தீனி, தண்ணீர், குளிப்பாட்டு, குதிரையைப் பழக்குவது எல்லாம் அம்மா. நோட்டில் விவரம் எழுதி வைப்பது நான்.

அந்த வருடம் மேற்கேயிருந்து ஒரு தரகர் செவலை மட்டக்குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"மலை மேல டூரிஸ்டுக்காரங்கள ஏத்தீட்டுப் போன குதிரைங்க. வண்டியவே பாத்ததில்லீங்க. நீங்கதானுங்க பழக்கிக்கோணும்" என்றார். இரும்புக் கம்பி ஒன்றை வைத்து எங்கள் கண்முன்னே அளந்தும் காட்டினார். நாற்பத்தேழரை. சின்னக் குதிரைப் பிரிவில் அந்த உயரத்துக்கு அப்படி ஒரு மார்பும் காலும் அமைவது அபூர்வம். அப்பா எங்களிடமிருந்த பெட்டைக் குதிரையைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டார். அந்த வருடம் கோயில் கொடைப் பந்தயத்துக்கு எங்களிடம் இருந்தது இது ஒன்றுதான்.

வாங்கிய அன்று வழக்கம்போல் அங்க அடையாளம் எழுதினேன்.

ஒன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இரண்டு, இடது பின்னங்காலில் குளம்புக்கு மேல் வெள்ளை. மூன்று, பிடரி முடியும் மேட்டில் வெள்ளை முடி, புள்ளி புள்ளியாக, ஏழு இடத்தில்.

மறுநாள் காலை அண்ணன் பந்தய வண்டியை முற்றத்துக்கு இழுத்து வந்தான். யாரும் பிடிக்காமலே செவலை திரும்பி, பின்பக்கமாக நடந்து, குதிரையைப் பூட்டும் இரண்டு கைமரங்களுக்கும் நடுவே போய் நின்றது.

"எப்பா, இது நமக்கு வண்டி பழக்கித் தரும் போலிருக்கு" என்றான் அண்ணன்.

அப்பா சிரித்தார். நான் நோட்டில் எழுதினேன்: "வண்டி தெரியாது என்றது பொய். இன்னும் எத்தனை?"

2. இரண்டு அளவு

சேணத்துக்கு வார் வெட்ட, வீட்டிலிருந்த மர அளவுகோலால் செவலையை அளந்தேன். நாற்பத்தொன்பது வந்தது. தரகரின் கம்பி மோசடி என்று முடிவு செய்து என் இரும்பு அளவுகோலை எடுத்து வந்தேன். நாற்பத்தேழரை வந்தது. அதே குதிரை, அதே காலை, அதே தரை.

அடுத்த ஐந்து நாட்கள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். தரை: லாயத்தின் சிமெண்ட் தளத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சரிவு இல்லை. இரும்பு: அலுவலக டேப்போடு ஒப்பிட்டேன், சரி. மரம்: அதுவும் சரி. லாடம்: தேய்மானம் நான்கிலும் ஒன்றுபோல். என் கண்: அண்ணனை வாசிக்கச் சொன்னேன், அதே எண். பிறகு குதிரையைப் பிடித்து நிற்கும் அண்ணன் மேலேயே சந்தேகம் வந்து, அம்மாவைப் பிடிக்கச் சொன்னேன்.

"என் மேலயே சந்தேகமா? இனி என் சட்டையோட அளவையும் எடுத்துக்கிடு" என்று அண்ணன் கோபித்துக்கொண்டு போனான். அம்மா பிடித்தபோதும் அதே இரண்டு எண்கள்.

என் தவறு ஆறாம் நாள்தான் தெரிந்தது. அளக்கும்போதெல்லாம் நான் குமிழைப் பார்த்தேன். குதிரையை ஒருமுறையும் பார்க்கவில்லை. அன்று அண்ணனைச் சமாதானம் செய்து அளவுகோலை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் தரையில் உட்கார்ந்து செவலையைப் பார்த்தேன். இரும்புக் கை முதுகில் படும் முன்பே அதன் காதுகள் பின்னால் மடிந்தன. முன்முட்டிகள் தளர்ந்தன. வயிறு இறங்கியது. பின் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மர அளவுகோலை வைத்தபோது ஒன்றுமே நடக்கவில்லை.

எழுந்து மேட்டின் முடியை விலக்கினேன். ஏழு வெள்ளைப் புள்ளிகள். தோல் காயம்பட்ட இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். சேணம் உரசிய குதிரைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாரோ இரும்புக்கு அடியில் ஊசிகளை வைத்து, இது குனியப் பழகும்வரை திரும்பத் திரும்பக் குத்தியிருக்கிறார்கள். அதை நான் "அடையாளம்" என்று தலைப்புப் போட்டு என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

அப்பாவிடம் போனேன்.

"எப்பா, இது நாப்பத்தொம்பது இஞ்ச் குதிரை. பெரிய குதிரை."

"ஒன் இரும்பு என்ன சொல்லுது?"

"நாப்பத்தேழரை."

"கமிட்டி எதை வெச்சு அளக்கும்?"

"இரும்ப வெச்சு."

"பொறவு என்ன?"

"அது பயத்துல குனியுதுப்பா. யாரோ ஊசி குத்திப் பழக்கிருக்காவ."

"நானா ஊசி குத்துனேன்? நீயா குனியச் சொன்ன? கோலு சொல்லுதத நீ வாசிக்கப் போற, அம்புட்டுதானே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, இது பெரிய குதிரைல நின்னா கடேசிதான் வரும். பெட்டையும் போச்சு. இந்த வருசம் நான் என்னத்தப் பூட்டட்டும்?"

நான் இந்த வருடம் அளக்க மாட்டேன் என்றேன்.

"நீ வெலகுனா ஏன்னு கேப்பான் கொம்பையா. என்ன சொல்லுவ?"

விலகினால் அப்பாவைக் காட்டிக் கொடுத்ததாகும். அளந்தால் என் அளவுகோல் அதன்பின் வெறும் குழாய். அம்மா சுளகில் கொள்ளைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

கடைசியாக அப்பா ஒன்று சொன்னார். "கொடை முடியுத வரைக்கும் அதை அளக்காத. அளந்து அளந்து பயம் தெளிஞ்சிரப் போவுது."

3. சட்டுவம்

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரையும் நான் கவனிக்கத் தொடங்கினேன். அப்பா குளம்பைச் சீவுகிறாரா? அண்ணன் கமிட்டியில் யாரிடமாவது பேசுகிறானா? இரண்டும் இல்லை. அவர்கள் தினமும் காலையில் ஆற்று மணலில் செவலையை ஓட்டினார்கள். பந்தயத்தில் குதிரை ஒரே சீரான ஓட்டத்தில் போக வேண்டும். நாலுகால் பாய்ச்சல் எடுத்தால் வெளியேற்றிவிடுவார்கள். செவலைக்கு அதையும் யாரோ முன்பே பழக்கியிருந்தார்கள்.

அடுக்களையில்தான் ஏதோ நடந்தது. கருப்பட்டி டப்பா வேகமாகக் குறைந்தது. தோசை திருப்பும் இரும்புச் சட்டுவம் காலையில் காணாமல் போனது. என் நோட்டில் இப்படி இருக்கிறது: "செவ்வாய், சட்டுவம் லாயத்து ஜன்னலில். புதன், அங்கேயே. வியாழன், அடுக்களையில், ஆனால் குதிரை வாசம்."

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் இரும்பைக் காய்ச்சிச் சூடு போடுவார்கள். அப்பா சொல்லி அம்மா அதைச் செய்கிறாளோ, இன்னும் நன்றாகக் குனியட்டும் என்று? தினமும் செவலையின் உடம்பில் சூட்டுத் தழும்பு தேடினேன். இல்லை.

"எம்மா, சட்டுவம் எங்க?"

"தோசை வேணுமா ஒனக்கு?"

"இல்ல."

"பொறவு சட்டுவம் எதுக்கு?"

அதற்கு மேல் அம்மாவிடம் கேட்க முடியாது.

4. கொடை நாள்

பந்தயம் திருச்செந்தூர் சாலையில் ஓர் ஊர்க் கொடையில். நான் இரும்பு அளவுகோலோடு மர அளவுகோலையும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். எதை எடுப்பது என்று முடிவு செய்திருக்கவில்லை. இதை இளையவர்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

சின்னக் குதிரை வரிசையில் ஐந்தாவதாகச் செவலை வந்தது. அண்ணன் பிடித்திருந்தான். அப்பா சற்றுத் தள்ளி வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். கொம்பையா அண்ணாச்சி முன்னால் வந்து, அளவுகோலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப அளக்கட்டும். பாப்போம்."

கை இரும்புக்குத்தான் போனது. அவர் முன்னால் கோலை மாற்ற எனக்குத் துணிவு இல்லை, அவ்வளவுதான். குமிழைச் சரிசெய்து, இரும்புக் கையைப் பைய இறக்கினேன். இந்த முறை குமிழைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்தேன்.

முட்டி தளரவில்லை. இரும்பு முதுகில் படிந்தது. செவலை நின்றபடி நின்றது. பின் தலையைத் திருப்பி என் உள்ளங்கையை மோந்தது. கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தாவணி முனையைக் கவ்வி இழுத்தது.

"நாற்பத்தொன்பது" என்றேன். "பெரிய குதிரை."

கொம்பையா அண்ணாச்சி எழுந்தார்.

"இன்னொரு தடவ அள."

அளந்தேன். நாற்பத்தொன்பது. அவரே குனிந்து வாசித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, சொந்தக் குதிரைக்கே கூட்டிச் சொல்லுதா! இதுல என்னமோ இருக்குவே. பெரிய குதிரைல நிக்கணும்னே கொண்டாந்திருக்கான். தெரியாம விட்டுராதிய!"

மூன்றாம் முறையும் அளக்க வைத்தார்கள். குறைத்துச் சொன்னால் திருட்டு. கூட்டிச் சொன்னால் அதைவிடப் பெரிய திருட்டு. அப்பா வந்து செவலையின் கயிற்றைப் பிடித்துப் பெரிய குதிரை வரிசைக்கு நடத்திப் போனார். போகிற வழியில் ஒரு முறை அம்மாவைப் பார்த்தார். அம்மா கட்டுச்சோற்றுப் பாத்திரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வண்டிகளில் செவலை ஐந்தாவதாக வந்தது. ஓட்டம் ஓரிடத்திலும் உடையவில்லை. முந்தி ஓடிய இரண்டு குதிரைகள் பாய்ச்சல் எடுத்து வெளியேற்றப்பட்டதால் பதிவேட்டில் மூன்றாவது. அதை எழுதியது நான் இல்லை. கமிட்டித் தலைவரை எழுதச் சொன்னேன்.

5. ஒன்பதாவது வரி

கொடை முடிந்து மூன்றாம் நாள் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"வந்த அன்னைக்கே. சட்டுவத்தக் கையில வெச்சுக்கிட்டே தண்ணி காட்டப் போனேன். முதுகுல பட்டதும் ஒடுங்கிருச்சு. ஒரு வாரம் பாத்தேன், தன்னால தெளியல. பொறவுதான் தெனமும் காய்ச்சாத சட்டுவத்த முதுகுல வைக்கது, நிமிந்து நின்னா ஒரு துண்டு கருப்பட்டி."

"ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லலாம்லா?"

"சொன்னா நீங்க அதை வெச்சுல்லா ஜெயிச்சிருப்பிய" என்றாள் அம்மா.

சொல்லும்போது அவள் அப்பாவை மட்டுமல்ல, என்னையும் பார்த்தாள். நான் துணியில் இரண்டு கோலைச் சுற்றி எடுத்துப் போனதையும் அவள் பார்த்திருந்தாள். பதினைந்து நாள் வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, ஒருத்தி என்னைச் சந்தேகப்பட்டது தெரியாமல் போயிற்று. அந்தச் சந்தேகம் நியாயமானது.

கமிட்டி சாரதிகளுக்கும் கொடுக்கும் அளவைப் படிவத்தில் அதுவரை எட்டு வரிகள் இருந்தன; தரை, ரசமட்டம், லாடம், அந்த மாதிரி. அன்று ஒன்பதாவதை எழுதினேன்: "இரும்பை வைத்த பின் குதிரை இரண்டு மூச்சு விடும்வரை காத்திரு. மேட்டின் முடியை விலக்கிப் பார். குமிழைப் பார்க்குமுன் குதிரையைப் பார்." புதிதாக வருகிறவர்கள் மற்ற எட்டையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து, கொம்பையா அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். கூட யாரும் இல்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"அந்த ஒம்பதாவது வரிய வாசிச்சேன். வீட்டுக்குப் போயி நம்ம கருப்பன் குதிரைக்கு முடிய வெலக்கிப் பாத்தேன். அதே தரகன்ட்ட வாங்குனதுதான். வெள்ளையா பதினோரு புள்ளி இருக்கு. எனக்குத் தெரியாது தாயி. சத்தியமா தெரியாது."

நான் அதை நம்பினேனா என்று இன்றும் சொல்ல முடியவில்லை. அவர் என்னைத் தாண்டி அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"ஒங்க அம்மா அந்தச் சட்டுவத்த ஒரு பதினஞ்சு நாளைக்குத் தருவாளா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சட்டுவம் தோசைக்கு வேணும். குதிரைய இங்கன கொண்டாரச் சொல்லு. கருப்பட்டி அவரு வாங்கிட்டு வரணும்."