வேப்பிலை சொருகிய வாசல்

சிங்கப்பூரில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்த நான், களப்பணிக்காகக் கிள்ளை என்ற கடலோர ஊரில் ஒரு மீனவர் வீட்டில் தங்கியிருந்தேன். வீடு வீடாகப் போய், யாருக்காவது நோய் வந்ததா என்று கேட்பதுதான் வேலை. வாசலில் வேப்பிலை சொருகியிருந்த வீடுகளிலும், "யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்பார்கள். உள்ளே பிள்ளைக்கு உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசியில் எனக்கே அம்மை போட்டது. வீட்டுக்கார அக்கா வாசல் நிலையில் வேப்பிலை சொருகினார். என் வேலையை ஏற்றுக்கொண்ட சக மாணவி எங்கள் வாசலுக்கும் வந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

"நோயா? அதெல்லாம் இங்க யாருக்கும் இல்லம்மா. மாரியாத்தா வந்து வெளையாடுறா, அவ்ளோதான்" என்றார் அக்கா.

வேப்பிலை மேல் படுத்திருந்த நான், "நோய்தான்" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்திருக்கலாம். ஆத்தா வீட்டில் இருக்கும்போது எப்படிச் சொல்வது?