அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை முகம்

ஃபவுண்டேஷனைத் தேய்க்கக் கூடாது, ஒத்தியெடுக்க வேண்டும். ஹட்டனில் என்னிடம் அலங்காரத்துக்கு வரும் மணப்பெண்கள் இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். போனில் பார்த்துப் படித்தேன் என்று சமாளித்துவிடுவேன். அதில் பாதி உண்மை. மீதியை என் அம்மாவின் முகத்தில்தான் படித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பா கட்டாரில் வேலையில் இருந்தார். வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில், புது வீட்டின் சுவர் இடுப்பளவில் நின்றது. அதை எழுப்பத்தான் அவர் போயிருந்தார். ஒருமுறை ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்கென்று ஒரு ஃபவுண்டேஷன் போத்தல் கொடுத்தனுப்பினார். கொழுந்து பறிக்கிறவளுக்கு இது எதற்கு என்று அம்மா வெட்கப்பட்டு, அதைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

அதை வெளியே எடுக்க வைத்தது நோய்தான். வயிற்றில் கட்டி என்றார்கள். அம்மாவின் முகம் மஞ்சளடித்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. ஞாயிறு காலையானால் அப்பா வீடியோ கோலில் வருவார்.

"அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவாரு. செவரு அப்பிடியே நின்னுபோயிரும்" என்று சொல்லி, அம்மா போத்தலை என் கையில் கொடுத்தார்.

முதல் வாரம் முகத்தில் மட்டும் அப்பிவிட்டேன். அப்பா வாங்கியது அம்மாவின் நிறத்துக்கு எத்தனையோ வெளுப்பு. கழுத்து கறுப்பாகவே இருந்தது. "என்னா புள்ள, மாவு சலிச்சிகிட்டு இருந்தியா?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது. அந்த வாரம் முழுக்கப் பள்ளிப் பாடத்தைவிட இதைத்தான் படித்தேன். கெட்டித் தேயிலைச் சாயத்தண்ணி இரண்டு சொட்டு கலந்தால் நிறம் இறங்குகிறது என்று நானே கண்டுபிடித்தேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

காய்ந்த தோலுக்கு முதலில் ஒரு துளி தேங்காயெண்ணெய். பிறகு நெற்றி, மூக்கு, கன்னம், நாடி என்று பொட்டுப் பொட்டாக வைத்து, ஈரப் பஞ்சால் ஒத்தி, கழுத்துவரை இறக்க வேண்டும். உச்சி நெற்றியில் கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய தடத்தில் மட்டும் ஒட்டாது. அங்கே அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார். வாரத்துக்கு வாரம் அம்மா மெலிந்தார், என் கை தேறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் ஒரு சின்னப் போத்தலை வைத்துக்கொண்டு செய்தேன்.

"வேணாம் மதினி, அண்ணங்கிட்ட சொல்லிருங்க" என்று பக்கத்து வீட்டு அத்தை கெஞ்சிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு அப்பா போனுக்குள்ளிருந்து அம்மாவை உற்றுப் பார்த்தார். "மொகம் நல்லா தெளிஞ்சிருக்கே! இப்பதான் எனக்கு நிம்மதி. கூரைக்கும் சேத்து இன்னும் ஆறு மாசம் இங்க இருக்க எழுதிக் குடுக்கவா?" என்றார்.

"இருந்துட்டே வாங்க" என்றார் அம்மா.

கோல் முடிந்ததும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "அழாதீங்கம்மா, கோடு விழுந்துரும்" என்று நான் அதட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த மாதமே அம்மா போய்விட்டார். அப்பா வந்து சேர்ந்தபோது பிணத்தை எடுக்க எல்லாரும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள். வந்தவர், வீடியோ கோலின்போது போனில் பிடித்து வைத்திருந்த அம்மாவின் படத்தை ஒவ்வொருவரிடமும் நீட்டினார். "பாருங்க, போன வாரங்கூட இப்பிடித்தானே இருந்தா? ஒடம்புக்கு முடியாத மொகமா இது?"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"அது நான் பூசுனதுப்பா."

அப்பா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா செஞ்சிருக்கே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.