இரண்டாவது முழம்

எனக்குப் பதினோரு வயதானபோது எங்கள் ஊர்ப் பூப்பண்டிகைக்கு நான் தூதராக இருந்தேன். அரை நாள்தான். 'யூத் அம்பாசிடர்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சிவப்புப் பட்டையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "அது வெள்ளக் காரு பேராச்சே, உன்னிய எங்க ஓட்டிகினு போறாங்க?" என்று கேட்டார். தலைக்கனம் ஏறிய பிள்ளைக்கு வேடிக்கை பிடிக்குமா? அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

நகரியிலிருந்து புத்தூர் போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். எங்கள் ஜனங்களுக்கு முன்பு கையகல நிலம்கூடக் கிடையாது. பிறத்தியார் தோட்டத்தில் பூப் பறிக்கும் கூலிகள். ஆடியில் ஒரு நாள் மட்டும், பறித்த பூவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று தோட்டக்காரர்கள் விட்டார்களாம். அந்த ஒரு நாள் பூவில் உண்டானது பண்டிகை. ஒவ்வொரு வீடும் தன் வாசலின் அகலத்துக்கு ஒரு சரம் கட்டி, அடுத்த வீட்டுச் சரத்தோடு முடிச்சுப் போடும். ஊரே ஒற்றைச் சரமானதும் பிள்ளைகள் தோளில் தாங்கி ஏரிக்கரை கங்கம்மாவிடம் கொண்டுபோவோம். இதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஊருக்குள் பிணம் இருந்தால் பூ நகரக் கூடாது. கட்டியதையெல்லாம் ஏரியில் விட்டுவிட வேண்டும். கங்கம்மா பூவில் ஓர் இதழைக்கூடப் பிணத்துக்குக் கொடுக்க மாட்டார்கள்.

நைனாவின் தம்பி, என் சித்தப்பா, குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாமந்தி போட்டவர். எங்கள் வம்சத்தில் தனக்கென்று பூ வளர்த்த முதல் ஆள். இந்தப் பண்டிகையை சர்க்கார் ஏட்டில் ஏற்றியே தீருவேன் என்று மனு எழுதிக்கொண்டு ஆறு வருஷம் சித்தூருக்கு நடந்து செருப்புத் தேய்த்தவரும் அவரே. அங்கீகாரம் என்ற சொல் எங்கள் வாயில் வராது, தெலுங்கில் குர்த்திம்பு என்போம். "குர்த்திம்பு வந்துட்டா, கூலிக்காரன் பண்டிகைன்னு எவனும் எளக்காரமா பேச முடியாது" என்பார். சின்னம்மா, அவர் மனைவி, "என்னியக் கட்டிகினாரோ, அந்த அர்ஜியக் கட்டிகினாரோ" என்று அலுத்துக்கொள்வாள். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளையில்லை. எனக்குத் தலை வாரிவிடுவதே அவள்தான்.

கடைசியில் கடிதம் வந்தது. திருப்பதியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பண்டிகையன்றே வந்து உத்தரவைக் கையில் கொடுப்பார், ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஊரின் தூதர்களாக வரவேற்க வேண்டும் என்று இருந்தது. பையன், ஊர்த் தலைவரான சர்பஞ்சின் பேரன். பெண் நான். சித்தப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த வருஷச் சரத்துக்கு அவர் தோட்டத்துப் பூதான்; அதில் ஒரு பூச்சி இருக்கக் கூடாது என்று, மூக்கில் ஒரு துணியும் கட்டாமல், உச்சி வெயிலில் தோட்டம் முழுக்க மருந்தடித்தார். பண்டிகைக்கு மூன்று நாள் இருந்தது. சாயங்காலம் வாந்தி எடுத்தார், வாயில் நுரை வந்தது. நைனா அவரை நகரிக்கு ஆட்டோவில் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

பண்டிகையன்று காலையில் சர்பஞ்ச் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து அம்மாவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்ன என்று கேட்டேன். அடுப்புப் புகை என்றாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

அதிகாரிக்கு ஆரத்தி எடுக்க ஐந்து பெண்களைப் பொறுக்கியிருந்தார்கள். அர்ஜி எழுதியவரின் மனைவி என்று சின்னம்மாவும் அதில் ஒருத்தி. சரம் முடிந்து மிஞ்சிய பூவை, முன்னால் சரம் தாங்கும் பெண்பிள்ளைதான் அவர்கள் தலையில் வைக்க வேண்டும். அந்த வருஷம் அது நான். சின்னம்மா கல்யாணப் பச்சைப் புடவையில் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் கவிழ்ந்து கிடந்தது. ஒரு முழம் வைத்தேன்.

"இன்னொரு மொழம் வெய்டி" என்றாள், திரும்பாமல்.

"மத்தவங்களுக்கு வேணும் சின்னம்மா."

"வெய்டி. கேக்கறேன் இல்ல?"

எனக்கு அருவருப்பாக இருந்தது. கட்டினவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, இவளுக்குச் சிங்காரம் கேட்கிறது பார் என்று பெரிய மனுஷி மாதிரி நினைத்தேன். முழங்கை வரை அளக்காமல், மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் தூரத்திலேயே கிள்ளிச் செருகிவிட்டேன்.

ஊர் எல்லைக்கல்லில் இரண்டு மணி நேரம் நின்றோம். அதிகாரி வரக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் ஒரு ஆம்புலன்ஸ் இஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நைனா குந்தியிருந்தார். கையசைத்தேன். அவர் முகத்தை வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓடப் பார்த்த என்னைச் சர்பஞ்ச் பிடித்து, "போவாதம்மா. உங்க சித்தப்பா தூங்கிகினு கீறாரு, எழுப்பாத" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்க்க வந்துவிட்டார்! பட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டேன். சின்னம்மா அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்காமல் தட்டோடு நின்றிருந்தாள். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் புடவையை இழுத்து, வண்டியைக் காட்டி, சித்தப்பா வந்துட்டாரு என்றேன்.

"நேரா நில்லுடி" என்றாள். "பாத்துகினு இருப்பாரு."

நேராக நின்றேன். அதிகாரி வந்தார். ஐந்து தட்டும் சுற்றின. மனப்பாடம் செய்த தெலுங்குப் பேச்சைத் தடுமாறாமல் ஒப்பித்தேன். கண்ணாடி போட்ட உத்தரவை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தேன். சரம் ஏரிக்கரை போய்ச் சேர்ந்தது. அர்ஜி எழுதியவர் எங்கே என்று அதிகாரி கேட்டார். உடம்பு சரியில்லை என்று சர்பஞ்ச் சொன்னார்.

அதிகாரியின் கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் ஆம்புலன்ஸ் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த வரைக்கும் ஊருக்குள் பிணம் இல்லை. சட்டத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை எங்கள் பெரியவர்கள். ஒரு மனுஷனை அவன் ஊர் வாசலில் அரை நாள் காக்க வைத்ததுதான் பாக்கி.

பெண்கள் கத்திக்கொண்டு சின்னம்மாவிடம் ஓடினார்கள், பூவை எடுக்க அவள் தலையில் கை வைத்தார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டாள். தன் கையாலேயே பூவை அவிழ்த்து, சித்தப்பாவின் நெஞ்சின் மேல் வைத்தாள். கங்கம்மா பூவாயிற்றே என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். தலையில் ஏறிய பூ அவள் பூ, அதைக் கேட்க யாருக்கும் பாத்தியமில்லை என்று சர்பஞ்சே அடக்கிவிட்டார். ஊர்க்காரர்கள் போட்ட மாலைகள் எல்லாம் நகரி பஜாரில் வாங்கியவை. அவர் வளர்த்த பூவில் அவருக்குக் கிடைத்தது அது மட்டும்தான்.

பெரியவர்கள் சின்னம்மாவிடம் மறைத்ததாகவே வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது நானும் அவளும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறோம். போன ஆடியில் ஒருநாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். அன்றைக்கு விடிகாலையில், நைனா டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரம், நர்ஸ் சித்தப்பாவின் போனிலிருந்தே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாளாம்.

"அப்பறம் ஏன் சின்னம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"நான் அழுதா பூ நின்னுடும். ஆறு வருஷம் நடந்தாரு. அதான் உங்கிட்ட ரெண்டு மொழம் கேட்டேன். ஒண்ணு என்னிது. இன்னொண்ணு அவுருது" என்றாள்.

பஸ் குலுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இரண்டாவது முழத்தை நான் எவ்வளவு அளந்தேன் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அரை முழம்கூட இருக்காது.