அங்காளம்மாளின் தலைக்கோட்டைப் படையெடுப்பு

ஓமலூர் பக்கத்து அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலறைக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் முப்பத்தொரு வருடம் சாம்பார் கிளறியவர் அங்காளம்மாள். அந்தப் பக்கம் சரித்திர வாத்தியார் குருமூர்த்தி வருடம் தவறாமல் அதே போர்களை நடத்தினார். பானிபட்டில் பாபர் பீரங்கியை நிறுத்தும் நேரம் பார்த்துத்தான் இங்கே கடுகு வெடிக்கும். அப்புறம் யார் பேசுவதும் காதில் விழாது. பானிபட்டில் ஜெயித்தது யார் என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

கர்நாடகத்துத் தலைக்கோட்டைதான் மனசைப் பிடித்துக்கொண்டது. விஜயநகரத்தின் அத்தனை பெரிய படை ஒரே நாளில் சிதறிப்போனதாம். அதைக் கேட்ட அன்றைக்கு அங்காளம்மாள் பருப்பைத் தீயவிட்டார், பிள்ளைகளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

இந்த மே மாதம் ஓய்வு பெற்றார். சால்வை போர்த்தினார்கள், சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவர் பெரியசாமியிடம் சொன்னார்:

"ஏனுங்க, நம்ம ஆம்னி வேன்ல ஒரு ஊர் போலாமுங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் பாத்துட்டு, அப்படியே தலைக்கோட்டை. நாலே நாளு."

"தலைக்கோட்டையில என்ன புள்ள இருக்குது?"

"சண்ட நடந்துச்சுங்க."

"எப்ப?"

"நானூத்தி அறுவது வருசமாச்சு."

பெரியசாமி தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் வாயில் ரகசியம் நிற்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்பது போலத்தான். சாயங்காலத்துக்குள் திருச்செங்கோட்டிலிருக்கும் அக்கா மயிலம்மாளுக்குப் போனில் சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலையில் மயிலம்மாள் துணிப்பையோடு வந்து இறங்கினார்.

"வண்டி சும்மாதான போவுது? நானும் வாரேன்."

எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் இரண்டு பேர் மட்டும் போனால் சொந்தபந்தம் மூணு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டும். பங்காளி கண்ணுசாமி தன் மனைவியோடு சேர்ந்தார். கண்ணுசாமியின் மாமனார், மாமியார் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி உட்கார்ந்து வழித்தடம் பேசினார்கள். கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம் கண்ணுசாமி எழுதினார். அங்காளம்மாள் எல்லோருக்கும் காப்பி போட்டார். பழக்கதோஷம், நூற்றி நாற்பது பேருக்குச் சமைத்த கை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எதிர்ப்பு இல்லை. அங்கே ரங்கநாதர் இருக்கிறார்.

"தலைக்கோட்டையில என்ன சாமி?" என்றார் மயிலம்மாள்.

"சாமிக்காகப் போகலீங்க. சண்ட நடந்த மண்ணை மிதிக்கோணும்."

"சாமி இல்லாத ஊருக்கு பெட்ரோலு எதுக்கு? அதுக்கு மந்திராலயம் போட்டுக்க, கண்ணு."

கண்ணுசாமி போட்டுக்கொண்டார். பிறகு தர்மஸ்தலம் வந்தது. மாமனார் கொல்லூரைக் கேட்டார். மாமியாருக்கு முழங்கால் வலி, அதற்கென்று ஏதோ ஒரு கோயிலும் வந்தது. தலைக்கோட்டையை அடித்த இடத்தில் உறையே கிழிந்துவிட்டது. பெரியசாமி வாசல்படியில் நின்று வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டவர் அவர்தான். அது அவருக்கும் தெரியும், அதனால் மனைவி முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பத்தொரு வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு, அதற்கு மேல் இந்த வீட்டுக்கு. இது வேண்டும் என்று கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் பேனாவால் அடித்துவிட்டார்களே என்று அங்காளம்மாளுக்கு அழுகையாக வந்தது. அழவில்லை. காப்பி டம்ளர்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க எல்லாம் வண்டியில நல்லபடியாப் போயிட்டு வாங்க. நா பஸ்ஸுல போயிக்கறேன். பெங்களூரு போயிட்டா அங்கிருந்து ராத்திரி பஸ் இருக்குதாம். விசாரிச்சு வெச்சிருக்கேன்."

கண்ணுசாமியின் பேனா நின்றது.

"பொம்பள ஒண்டியாவா?" என்று மயிலம்மாள் கன்னத்தில் கை வைத்தார். "பாசை தெரியாத ஊருல ஒரு வாய் சோறு கேக்கத் தெரியுமா ஒனக்கு?"

"சோறு போடறவளுக்குக் கேக்கத் தெரியாமப் போவுமா?"

பெரியசாமி உள்ளே வந்தார். வண்டிச் சாவியைக் கண்ணுசாமியின் மடியில் வைத்தார்.

"நீயே ஓட்டிக்கிட்டுப் போ. மூணாவது கியரு கொஞ்சம் மக்கர் பண்ணும், பாத்துப் போடு."

"டேய், ஒனக்கென்னடா அங்க வேல?" என்று அக்காள் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒரு வேலையும் இல்லக்கா. அங்க யாரு யாரை வெட்டுனான்னே எனக்குத் தெரியாது." பெரியசாமி இப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தார். "முப்பத்தேழு வருசத்துல இவ வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். நா கூடப் போகாட்டி அப்புறம் என்ன மனுசன்?"

அங்காளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கல்யாணத்தன்றுகூட இந்த மனிதரை இவ்வளவு பிடித்ததில்லை. ஆனால் அதை ஐந்து பேர் முன்னால் சொல்ல முடியுமா?

"வாங்க," என்றார். "ஆனா சன்னல் சீட்டு எனக்குத்தான்."