கோழிக் கறியும் குசினி வாசலும்

அன்று மாமி வீட்டில் இருந்தவர்கள் மாமி, மாமியின் மகளான மச்சாள், என் அம்மா, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா துறைமுகத்தில் மா மூட்டை இறக்கப் போயிருந்தார். மாமா முந்திய மாரி மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மாமா இல்லாத வீட்டைப் பார்க்கத்தான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து உத்தியோகத்தர் வருவதாக இருந்தது.

பிச்சைச் சம்பளம் என்று ஊரில் சொல்வார்கள். ஆதரவில்லாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவி. அந்தப் பெயரைக் கேட்டாலே மாமிக்கு முகம் சுருங்கும். ஆனால் அது கிடைக்காவிட்டால் மச்சாளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விடுவதென்று பெரியவர்கள் கதைத்து முடித்திருந்தார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் எழுத்துப் படித்த முதல் ஆட்கள் நானும் மச்சாளும்தான். ஒரே வகுப்பு, இருக்கும் வாங்கும் ஒன்று. அவள் போய்விட்டால் என் கணக்கை யார் செய்வது என்பது என் கவலை.

உத்தியோகத்தர் வருகிறார் என்று கிராம அதிகாரியான விதானையார் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கச்சேரியால பெரிய மனிசர் வாறார். வெறும் நிலத்திலயோ இருத்திறது?"

அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. வருகிறவர் எதற்கு வருகிறார் என்பது வேறு, வந்தவரை இருத்துவது வேறு. காலையிலிருந்து ஒழுங்கை முழுவதும் அலைந்தோம். ஒரு வீட்டில் இரண்டு கதிரை, இன்னொரு வீட்டில் பூப்போட்ட மேசை விரிப்பு, மச்சாளுக்கு யாரோ பிள்ளையின் தீபாவளிச் சட்டை. சந்தியில் கடை வைத்திருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணன் தன் றேடியோவையே கழற்றித் தந்தார்.

"கவனமாக் கொண்டு போ மகன். ஆபீசர் கேட்டா மாமிட சீதனம் எண்டு சொல்லு," என்று சொல்லிச் சிரித்தார். கூடவே ஒரு சோடாவும் தந்தார். மாமியிடம் இருந்த ஒரே முட்டைக் கோழி கறியாயிற்று.

வந்தவர் இளந்தாரி. சைக்கிள் மிதித்து வியர்த்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதிரை நுனியில் இருந்தார். றேடியோவைப் பார்த்தார், மச்சாளின் சட்டையைப் பார்த்தார்.

"வருமானம் ஒண்டும் இல்லையோ அம்மா?"

"இல்லை ஐயா. சோடாவைக் குடியுங்கோ."

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்யிறீங்கள்?"

"அது ஏதோ நடக்குது ஐயா. நீங்கள் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும். கோழி வைச்சிருக்கிறன்."

வேலைக்கு வந்த இடத்தில் சாப்பிட ஏலாது என்று அவர் சங்கடத்தோடு சொன்னார். பிறகு, "ஒருக்காக் குசினியைப் பார்க்கலாமோ?" என்று கேட்டுக்கொண்டே எழும்பினார்.

அம்மாவும் மாமியும் ஒன்றாகப் போய்க் குசினி வாசலை மறித்து நின்றார்கள். உள்ளே அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது. அடுப்பில் வெந்துகொண்டிருந்தது எங்கள் வீட்டு அரிசி. "அங்க ஒரே புகை ஐயா, நீங்கள் இருங்கோ," என்றா மாமி. பாதி எழும்பியவர் திரும்ப இருந்துவிட்டார். இத்தனை அழகான றேடியோ இருக்கக் குசினியைப் பார்க்கக் கேட்கிறாரே, இவர் என்ன படித்த மனிதர் என்று நான் நினைத்தேன்.

"வீட்டை நல்லா வைச்சிருக்கிறீங்கள் அம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார். மாமா போன பிறகு மாமியின் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் கண்டேன். கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் காரியம் வெற்றி என்றே சொன்னேன்.

உதவி இல்லை என்று விதானையார் வந்து சொன்னார். வசதியுள்ள வீடாம். கச்சேரிக்குப் போய்ச் சத்தம் போடுவதாக அப்பா எழும்பினார். மாமி விடவில்லை. "வந்த பிள்ளை கண்டதைத்தானே எழுதினது." கதைத்து முடித்தபடியே மச்சாளைப் பட்டணத்தில் வேலைக்கு விட்டார்கள்.

இப்போது வளர்ந்து, போன மாதம் அதே உத்தியோகத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். ஏன் இந்த வேலையைத் தெரிவு செய்தீர் என்று கேட்டார்கள். மக்களுக்குச் சேவை செய்ய என்று, பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் குசினி வாசலை மறித்து நிற்கிற ஒரு பெண்ணிடம் எதை, எப்படிக் கேட்டால் அவள் வெட்கப்படாமல் விலகி வழி விடுவாள் என்பதுதான் எனக்கு அறிய வேண்டியிருந்தது. இன்னும் அறியவில்லை.

உதவி இல்லையென்று சொன்ன அடுத்த வருடம் மாமி மறுபடியும் விண்ணப்பித்தா. வந்தவர் வேறொருவர். மாமி பாய் விரித்தா, தண்ணீர் கொடுத்தா. பணம் கிடைத்தது. மச்சாளைக் கூட்டி வந்தார்கள்.

வந்த அன்று எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடியும்வரை கோப்பையை வாங்கிப் போவதற்காகக் கதவோரம் நின்றாள். "இரன் மச்சாள்," என்றேன். இருக்கவில்லை. பட்டணத்தில் நல்ல பழக்கமெல்லாம் பழகி வந்திருக்கிறாள் என்று அம்மாவிடம் மெச்சிச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பாராமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியபோது நான் நாலாம் வகுப்பு. மச்சாள் மூன்றாம் வகுப்பில், தன்னிலும் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் தலை உயர்ந்து தெரிய இருந்தாள். ஒரு நாள் மரியாதைக்கு நாங்கள் செய்த செலவு, அவளுடைய ஒரு வருடம்.