கணினிக்கு வைத்த சந்தனம்

நான் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கணினிக்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. ஒவ்வோர் உறுப்பாக ஹட்டனில் வாங்கிச் சேர்த்து, வீடியோ பார்த்து நானே பூட்டினேன். பழைய பெட்டி ஒன்று கிடைத்தது, மூடி மட்டும் கிடைக்கவில்லை. அதனால் மேசையில் படுக்கப்போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து வைத்திருந்தேன். என் கணவர் துண்டைத் தூக்கிப் பார்த்து, "ஆபரேசன் பண்ணிட்டு தையல் போட மறந்துட்டாங்க போல" என்பார். அவருக்குத் திரீவீலர் ஓட்டத் தெரியும், கேலி பேசத் தெரியும். திருப்புளி பிடிக்கத் தெரியாது.

அந்தக் கணினியை நம்பித்தான் ஒரு வேலைக்குத் தலையாட்டியிருந்தேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை. முதல் வகுப்பு ஒழுங்காக நடந்தால் வேலை எனக்கு, சொதப்பினால் வேறு யாருக்கோ. கிடைத்துவிட்டால், வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டியூட்டரிக்குப் பாடம் நடத்தப் போகவேண்டாம். என் மகள் கண் விழிக்கும்போது நான் வீட்டில் இருப்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போனில் நடத்தலாமே என்று கேட்காதீர்கள். எழுதிக் காட்டும் பலகை அதில் திறக்காது.

விஜயதசமியன்று உங்கள் ஊர் நண்பகலில் தொடங்குங்கள் என்று பெற்றோர்தான் கேட்டார்கள். எழுத்துத் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? சந்தோஷமாகச் சரி என்றேன். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை என்பதை யோசிக்கவில்லை. பூஜையில் வைத்த பொருளை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. கத்தியானாலும் கணினியானாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சட்டம் ஒன்றுதான்.

என் மாமியார் இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறார். தன்னுடைய கூடை, மாமா விட்டுப்போன, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மகனின் வண்டி, பேத்தியின் சிலேட்டு, என் கணினி எல்லாவற்றுக்கும் அன்று அவர்தான் சந்தனம், குங்குமம் வைத்தார். நான் அடுப்படியில் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். சாயந்தரம், ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வருசம் பூரா ஒழைக்குது. அதுக்கு ஒரு நா லீவு வேணாமா புள்ள?" என்றார்.

மறுநாள் காலை பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன், அதே கறுப்பு. திரைக்குப் போகும் வயரைக் கழற்றி மாட்டினேன். அடுத்த வீட்டு டிவி வயரை இரவல் வாங்கி அதையும் மாட்டினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். வெளியே மூடுபனி, உள்ளே மகள் கடலைக்கு அழுகிறாள். யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது. கணவர்தான் பக்கத்தில் இருந்தார்.

"ஒரே பிளக்குல சுடுதண்ணிக் கேத்தலையும் போட்டு, போனையும் சார்ஜ் பண்ணுனா கரண்டு என்னாத்துக்கு ஆகும்?"

"விசிறி சுத்துதே. கரண்டு இல்லாமலா சுத்துது?" என்றார்.

நியாயமான பேச்சு. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது, அழுகையும் வந்தது. வேலை கைநழுவுகிறது என்று அப்போது நிச்சயமாக நினைத்தேன்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்துப் பார்ப்போம் என்று குனிந்தேன். தகட்டின் மேல்விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு. அதிலிருந்து ஒரு கோடு வழிந்து, தகட்டைச் செருகும் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. டோர்ச் அடித்தால் விசிறியின் நடுவில் குங்குமம், மின்பெட்டியில் குங்குமம், ஹார்ட் டிஸ்க்கில் பட்டையாகச் சந்தனம். ஹார்ட் டிஸ்க்கை நான்தான் சற்றுமுன் கையில் எடுத்துக் கழற்றினேன். பூஜை முடிந்த வீட்டில் பொட்டில்லாத பொருள் ஏது? பார்த்தும் பார்க்கவில்லை.

"அத்தை, உள்ளுக்கும் வச்சீங்களா?"

"வெளிய தகரந்தானே புள்ள இருக்கு? வேல செய்யிறதெல்லாம் உள்ளதானே?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நாந்தான் கெடுத்துட்டனா?"

மகளின் பென்சில் அழிறப்பரை எடுத்துத் தகட்டின் பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன். பள்ளத்தைப் பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டினேன். சந்தனம் மாவாக உதிர்ந்தது. காயவைக்கவேண்டும். இந்தக் குளிரில் யார் வீட்டில் மின்விசிறி இருக்கிறது? கணவர் அடுப்பு ஊதும் குழலோடு வந்தார்.

"சாம்பலையும் உள்ள ஊதி பூசைய முடிச்சு வைக்கப் போறீங்களா?"

அவர் குழலை வைத்துவிட்டுச் சொளகை எடுத்தார். அரிசி புடைக்கிற சொளகால் கணினிக்கு விசிறினார். "நல்லவேள, என் எஞ்சின நான் தொறந்து வைக்கல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை சிரிக்கவில்லை.

தகட்டைச் செருகினேன். இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடித்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினேன். திரையில் எழுத்து வந்தது. கும்பிடவேண்டும் போலிருந்தது, கும்பிட்டேன்.

வகுப்புக்கு முகம் கழுவத்தான் நேரம் இருந்தது. ரயில் போகிற சத்தம் போல ஒரே இரைச்சலாகப் பிள்ளைகள் வந்தார்கள். 'அ' போட்டுக் காட்டினேன், அவர்களும் போட்டார்கள். ஒரு சிறுமியின் 'அ' கவிழ்ந்து கிடந்தது. முடிந்ததும், அடுத்த வாரமும் நீங்களே வாருங்கள் என்று பெற்றோர் சொன்னார்கள்.

அத்தை கதவடியிலேயே நின்றார். "ஓடுச்சா?"

"ஓடுச்சு. வேல எனக்குத்தான்."

"நா வச்சதையெல்லாம் அழிச்சிட்டியா?"

துண்டைத் தூக்கிக் காட்டினேன். விசிறியின் நடுவில் குங்குமம் அப்படியே இருந்தது. இறக்கைகள் சுற்றுவதே தெரியவில்லை, பொட்டு மட்டும் தெரிந்தது. அத்தை குனிந்து பார்த்தார். பிறகுதான் அன்றைக்கு முதல்முறையாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

டியூட்டரியிலிருந்து நின்ற மறுநாள் காலை, கீழ்ரோட்டில் முதல் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மகள் திடுக்கிட்டு விழித்து, பக்கத்தில் கிடந்த என்னைத் தொட்டுப் பார்த்தாள்.

"பஸ்ஸு போயிருச்சாம்மா?"

"போயிருச்சு."

அவள் என் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள்.