மழை இறங்கிய தூண்கள்

சாலை பஜாரில் அந்தப் பழைய ஜவுளிக்கடைக் கட்டடம் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம். கீழே காப்பிக்கடை நடக்கிறது. போன வாரம் மழைக்கு உள்ளே ஒதுங்கியபோது ஈர இரும்பின் வாசனை வந்தது.

நான் பள்ளிக்கூடம் போன ஐம்பதுகளின் தொடக்கத்தில் அப்பா அங்கே சரக்குப் பொறுப்பில் இருந்தார். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்த இரும்புத் தூண்கள் உள்ளே குழாய்போல இருக்கும். கூரையில் விழும் மழை அவற்றின் வழியே இறங்கித் தரைக்கடியில் உள்ள ஓடைக்குப் போய்விடும் என்பதால், முழக்கோல் தட்டும் சத்தம், துணி கிழிபடும் சத்தம், பேரம் எல்லாவற்றுக்கும் அடியில் மழைநாள் முழுவதும் தூண்களின் சலசலப்பு கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஓணத்துக்கு முந்தைய வாரம், கொட்டும் மழையில் ஒரு மாலை, அப்பா தூணில் காதை வைத்தார். தரையெங்கும் ஓணத்துக்கு வந்த துணிக்கட்டுகள்.

“சத்தமே இல்லை. கீழ அடைச்சுண்டிருக்கு. கட்டெல்லாம் மேல ஏத்தணும்” என்றார்.

“தூணுக்கு இன்னைக்கு லீவாக்கும், சாமி” என்று நாஞ்சில்நாட்டு முதலாளி சிரித்தார்.

அப்பா தனியாகவே கட்டுகளைப் பலகைமேல் ஏற்றத் தொடங்கினார். பத்தாவது கட்டைத் தூக்கும்போது தூணின் அடிமூட்டிலிருந்து தண்ணீர் பீறிட்டது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, “பிடியும் சாமி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீரு!” என்று அப்பாவையே விரட்டினார்.

இப்போது கூரைத் தண்ணீர் வெளிச்சுவரில் பிளாஸ்டிக் குழாயில் இறங்குகிறது. அது தெரிந்தும், காப்பி வரும்வரை தூணில் காதை வைத்திருந்தேன். வெளியே மழை கொட்டியது; உள்ளே சத்தமே இல்லை. தரையில் வைத்திருந்த பையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன்.